வால்டன் வீட்டின் வரவு செலவு: மாசசூசெட்ஸில் ஐந்து நாள்

முதல் நாள்: பாஸ்டன்

அமெரிக்கக் கற்பனாவாத (ரொமான்டிக்) எழுத்தின் பெரிய பெயர்களில் பாதிக்கு மேல் பாஸ்டனைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கார் வேண்டியதில்லை; புறநகர் ரயிலும் நல்ல ஷூவும் போதும். சிக்கல் ஒன்றுதான். பாஸ்டனில் பெரிய ஸ்டேஷன் இரண்டு. கான்கார்டு, லோவல் வண்டிகள் நார்த் ஸ்டேஷனில். நியூ பெட்ஃபோர்டு வண்டி சவுத் ஸ்டேஷனில். இரண்டுக்கும் நடுவே நேரடி ரயில் கிடையாது. ஆரஞ்சு லைனில் டவுன்டவுன் கிராஸிங் போய், ரெட் லைனுக்கு மாற வேண்டும். அரை மணி கையில் இருக்கட்டும்.

கற்பனாவாதம் என்றதும் காடு, தனிமை, நிலா, ஆன்மா என்று மனசு ஓடும். இந்தக் குறிப்புகளில் அவை குறைவு. பலகை, ஆணி, பஞ்சு, பனிக்கட்டி, திமிங்கில எண்ணெய்தான் அதிகம். 1830-க்கும் 1860-க்கும் நடுவே இங்கே எழுதியவர்கள் ரயில் ஊதலும் ஆலை மணியும் எட்டும் தூரத்தில் இருந்துதான் எழுதினார்கள். சிலர் கணக்கும் எழுதி வைத்தார்கள்.

இன்றைய நடை பீக்கன் ஹில். தொடக்கம் மாநிலச் சட்டமன்றத்துக்கு எதிரே உள்ள ஷா நினைவுச் சிற்பம்: உள்நாட்டுப் போருக்குப் போன 54-ஆம் கறுப்பினப் படைப்பிரிவு, அதன் தளபதி ஷா, செயின்ட் காடன்ஸ் செய்த வெண்கலம், 1897. அங்கிருந்து 'பிளாக் ஹெரிடேஜ் டிரெயில்' 1.6 மைல். தூரம் சின்னது, ஏற்றமும் செங்கல் நடைபாதையும் கணுக்காலைப் பதம் பார்க்கும். வழியில் உள்ள வீடுகளில் பெரும்பாலானவை இன்றும் ஆள் குடியிருப்பவை, வெளியே நின்று பார்ப்பதோடு சரி. தப்பி வந்த அடிமைகளுக்கு லூயிஸ் ஹேடன் இடம் கொடுத்த ஃபிலிப்ஸ் தெரு 66-ஆம் எண் வீடும் அப்படித்தான். உள்ளே போக முடிவது ஆஃப்ரிக்கன் மீட்டிங் ஹவுஸ். 1806-இல் கட்டியது. 1832 ஜனவரி 6-இல் பத்திரிகையாசிரியர் கேரிசன் நியூ இங்கிலாந்து அடிமை எதிர்ப்புச் சங்கத்தைத் தொடங்கியது இங்கேதான்.

இந்தக் குன்றுக்கு இரண்டு முகம். வட சரிவில் கறுப்பின மக்களின் வீடுகள். தென் சரிவில் பருத்தி ஆலை முதலாளிகளின் மாளிகைகள். பீக்கன் தெரு 39-இல் இருந்தவர் லோவல் ஆலைகளைத் தொடங்கியவர்களில் ஒருவரான நேதன் ஆப்பிள்டன். 1842-இல் அடிமைமுறையைக் கண்டித்துத் தனிக் கவிதைத் தொகுப்பே போட்ட லாங்ஃபெலோ, மறு வருஷம் இந்த ஆப்பிள்டனின் மருமகன் ஆனார். கேம்பிரிட்ஜ் பிராட்டில் தெருவில் இன்று எல்லோரும் போய்ப் பார்க்கும் லாங்ஃபெலோ வீடு, மாமனார் கல்யாணப் பரிசாக வாங்கிக் கொடுத்தது. அடிமைகள் பறித்த பஞ்சில் வந்த காசு. அதே கவிஞரின் கணக்குப் புத்தகத்தில், தப்பி வந்தவர்களுக்கும் விடுதலைக்கும் சத்தமில்லாமல் கொடுத்த தொகைகளும் பதிவாகியிருக்கின்றன. போலி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். அந்தப் புத்தகம் விடாது.

பள்ளித் தெரு முனையில் ஓல்டு கார்னர் புக்ஸ்டோர். டிக்னர் அண்ட் ஃபீல்ட்ஸ் பதிப்பகம் இருந்த கட்டடம். குளக்கரையில் தானே வீடு கட்டி வாழ்ந்ததைப் பற்றித் தோரோ எழுதிய 'வால்டன்' 1854 ஆகஸ்ட் 9-இல் வெளிவந்தது அவர்களிடமிருந்து. இப்போது உள்ளே விற்பது மெக்சிகன் சாப்பாடு. ஐந்து நிமிஷம் போதும்.

இரண்டாம் நாள்: கான்கார்டு ஊர்

நார்த் ஸ்டேஷனில் ஃபிட்ச்பர்க் லைன். வார இறுதியில் வண்டிகள் குறைவு. திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குவது நல்லது. கான்கார்டுக்குக் கொஞ்சம் முன்னால் வலது ஜன்னலில் மரங்களுக்கிடையே தண்ணீர் மினுங்கினால் அதுதான் வால்டன் குளம். அதற்கு நாளை.

ஊருக்குள் எல்லாமே நடக்கும் தூரம். கான்கார்டு மியூசியத்தில் தோரோவின் பச்சை மேசையும் கட்டிலும் இருக்கின்றன. தோரோவின் நண்பரும் கட்டுரையாளருமான எமர்சனின் படிப்பறைச் சாமான்களும் அங்கேதான். எதிரே உள்ள எமர்சன் வீட்டில் அவற்றைத் தேட வேண்டாம். அந்த வீடு குளிர்காலத்தில் மூடியிருக்கும். லூயிசா மே ஆல்காட்டின் ஆர்ச்சர்ட் ஹவுஸில் வழிகாட்டியோடு மட்டும் போகலாம். அங்கே பார்க்க வேண்டியது மாடி அறையில் இரண்டு ஜன்னலுக்கு நடுவே சுவரோடு ஒட்டிய அரைவட்டப் பலகை. அப்பா அடித்துக் கொடுத்தது. 1868-இல் 'லிட்டில் விமன்' எழுதப்பட்ட இடம் அது. அப்பாவின் கொள்கைக்கு இணையாகக் கடனும் வளர்ந்த வீடு. அதை அடைத்தது இந்தப் பலகை.

அப்பா பிரான்சன் ஆல்காட் 1843-இல் ஃப்ரூட்லாண்ட்ஸ் என்று ஒரு கூட்டுவாழ்வுப் பண்ணை தொடங்கினார். பருத்தி உடுத்தக் கூடாது, அது அடிமை உழைப்பு. கம்பளியும் கூடாது, அது ஆட்டுக்குச் சொந்தம். மிஞ்சியது லினன். ஜூனில் லினன் நன்றாகத்தான் இருந்தது. மாசசூசெட்ஸ் குளிர் வந்ததும் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை; ஜனவரியில் பண்ணை காலி.

எமர்சனும் தோரோவும் அடிமை எதிர்ப்புக்குத் தாங்களாக வந்துவிடவில்லை. 1837-இலேயே இந்த ஊர்ப் பெண்கள் அடிமை எதிர்ப்புச் சங்கம் வைத்துவிட்டார்கள். தோரோவின் அம்மா, சகோதரிகள், எமர்சனின் மனைவி லிடியன் எல்லோரும் அதில். 1844 ஆகஸ்ட் 1-இல் எமர்சனை மேடையேற்றியதும் அந்தச் சங்கந்தான். தேவாலயங்கள் இடம் தர மறுக்க, கோர்ட் கட்டடத்தில் கூட்டம். மணியடிக்க ஆள் வராததால் தோரோவே போய்க் கயிற்றை இழுத்தார்.

மாலையில் ஸ்லீப்பி ஹாலோ கல்லறை, ஆதர்ஸ் ரிட்ஜ். எமர்சனுக்குச் செதுக்காத ரோஜா நிறக் குவார்ட்ஸ் பாறை. தோரோவுக்கு முழங்கால் உயரம்கூட இல்லாத கல்லில் 'ஹென்றி' என்ற ஒரே சொல். சுற்றிலும் வந்தவர்கள் செருகிய பென்சில்கள். அதற்குக் காரணம் உண்டு: குடும்பத் தொழில் பென்சில். அதுவரை அமெரிக்கப் பென்சிலில் கிராஃபைட்டோடு மெழுகும் பசையும் கலந்ததால் கோடு பிசுபிசுத்து அப்பியது. தோரோ களிமண் கலந்து சுடும் முறைக்கு மாற்றினார். களிமண் கூடினால் கோடு கடினம், குறைந்தால் மென்மை. அப்படி எண் போட்டு விற்றார்கள்.

மூன்றாம் நாள்: வால்டன்

ஸ்டேஷனிலிருந்து குளம் ஒன்றரை மைல். தோரோ தெரு, பிறகு வால்டன் தெரு, சிக்னலில் ரூட் 2-ஐக் கடந்து நேராக. தோரோ ஊருக்குள் போய்வந்தது ரயில் கரை மேலேயே. அதைப் பின்பற்ற வேண்டாம். சட்டப்படி குற்றம், வண்டியும் வேகமாக வரும். காரில் வருபவர்களுக்கு: வெளிமாநில எண் பலகைக்குப் பார்க்கிங் கட்டணம் பல மடங்கு, கோடையில் இடம் நிறைந்ததும் வாசலை மூடிவிடுவார்கள். உண்ணி உண்டு. பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகி, பாதையின் நடுவே நடப்பது உத்தமம்.

பார்க்கிங் பக்கத்தில் நிற்கும் குடிசை மாதிரி வடிவம் மட்டுமே. பாதிப் பேர் அங்கே படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உண்மையான இடம் குளத்தின் வடகரையில், பதினைந்து நிமிஷ நடை. கருங்கல் தூண்கள் நட்டு அளவு காட்டியிருக்கிறார்கள்: 10 அடிக்கு 15 அடி. பக்கத்தில் 1872 முதல் வருகிறவர்கள் போட்டுப் போட்டு வளர்ந்த கற்குவியல். புகைபோக்கியின் அடித்தளத்தை 1945-இல் ராபின்ஸ் என்பவர் தோண்டிக் கண்டுபிடிக்கும்வரை இடமே குத்துமதிப்புத்தான். வீடு அதற்கு வெகு முன்பே பெயர்க்கப்பட்டு, ஒரு பண்ணையில் தானியம் கொட்டி வைக்கும் அறையாகி, 1868-இல் பிரிக்கப்பட்டுவிட்டது.

1845 மார்ச் கடைசியில் தோரோ இரவல் கோடரியோடு மரம் வெட்டத் தொடங்கினார். நிலம் எமர்சனுடையது. நிலவறை 6 அடிச் சதுரம், 7 அடி ஆழம், இரண்டு மணி நேர வேலை. ஜூலை 4-இல் குடிபோனார். மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே பட்டியல் இருக்கிறது: பலகை 8.03½, கழித்துப்போட்ட ஓட்டுப்பலகை 4, இரண்டு பழைய கண்ணாடி ஜன்னல் 2.43, பழைய செங்கல் ஆயிரம் 4 டாலர், சுண்ணாம்பு இரண்டு பீப்பாய் 2.40 (விலை அதிகம் என்று பக்கத்திலேயே முணுமுணுப்பு), ஆணி 3.90, சாக்பீஸ் ஒரு சென்ட்.

பலகை வந்த கதையில்தான் காலம் தெரிகிறது. ஃபிட்ச்பர்க் ரயில் பாதை 1844-இல் கான்கார்டுக்கு வந்தது. போட்டவர்கள் அயர்லாந்துக் கூலிகள். வேலை முடிந்ததும் அவர்கள் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். ஜேம்ஸ் காலின்ஸ் என்பவரின் குடிசையைத் தோரோ 4.25 டாலருக்கு வாங்கினார். மறுநாள் காலை ஐந்து மணிக்குள் காலி செய்வதாகப் பேச்சு. ஆறு மணிக்கு அந்தக் குடும்பம் எதிரே சாலையில் போகிறது. ஒரே பெரிய மூட்டை: படுக்கை, காப்பி அரைக்கும் யந்திரம், கண்ணாடி, கோழிகள். பூனை மட்டும் வரவில்லை. காட்டுக்குள் ஓடி, பிறகு பொறியில் சிக்கிச் செத்தது. தோரோ ஆணிகளைப் பிடுங்கி, பலகையை வண்டியில் குளக்கரைக்குக் கொண்டுபோய்ப் புல்லில் பரப்பினார். வெயிலில் வெளுக்கும், கோணலும் நிமிரும். ஒவ்வொரு நடைக்கும் அவர் அந்தப் பக்கம் போனதும், பக்கத்துவீட்டு சீலி நேராக இருந்த ஆணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். தனிமையின் கோயில் என்று உலகம் கும்பிடும் வீட்டின் சுவர், குடிபெயர்ந்த ஒரு ரயில் கூலியின் சுவர். அதை மறைக்காமல் எழுதி வைத்தது தோரோவின் நேர்மை. காலின்ஸ் குடும்பம் எங்கே போனது என்று கேட்காமல் விட்டதும் அவர்தான்.

புகைபோக்கி குளிருக்கு முன்பு கட்டியது, பூச்சு அதற்கும் பிறகு. இங்கே ஒரு கொத்தனார் பாடம். பழைய செங்கல் தாகம் பிடித்தது; சாந்தைத் தேய்த்துச் சமப்படுத்துவதற்குள் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. வாளி வாளியாக நீர் ஊற்ற வேண்டியதாயிற்று. செங்கல்லை முதலில் நனைக்க வேண்டும் என்பது நம்மூர்ச் சித்தாளுக்குக்கூடத் தெரியும்.

எட்டு மாதச் சாப்பாட்டுச் செலவு 8.74 டாலர். அதில் அரிசி 1.73½. இந்தியத் தத்துவத்தை இவ்வளவு விரும்புகிறவன் அரிசியில் வாழ்வது பொருத்தந்தானே என்று ஒரு குறும்பு. அவரை சாகுபடி இரண்டரை ஏக்கர், லாபம் 8.71½. ஆனால் கணக்கில் ஒரு ஓட்டை. துணி துவைத்ததும் தைத்ததும் வெளியே நடந்தன, அதற்கான பில் இன்னும் வரவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி. அந்த உழைப்புக்கு மட்டும் எதிரே எண் இல்லை. நேற்று பார்த்த சங்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவையும் சகோதரிகளையும் நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படித்தால் வேறு மாதிரி ஒலிக்கிறது.

குளத்தின் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1846-47 குளிர்காலத்தில் நூறு அயர்லாந்து ஆட்கள் வந்து வால்டனில் பனிக்கட்டி அறுத்தார்கள். நல்ல நாளில் ஆயிரம் டன், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் பரப்பின் பனி. பத்தாயிரம் டன் மதிப்பிட்ட குவியலை வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். மதராஸ், பம்பாய், கல்கத்தாக்காரர்கள் என் கிணற்றில் நீர் குடிக்கிறார்கள் என்று தோரோ எழுதினார். காலையில் தான் கீதையில் மூழ்குவதையும் அதோடு சேர்த்து. பாஸ்டன் வியாபாரி ஃப்ரெடரிக் டியூடரின் பனிக்கட்டிக்காக 1842-இல் மெரினாவில் எழுந்ததுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். வால்டன் கட்டி நேராகத் திருவல்லிக்கேணிக்கு வந்தது என்று சொல்லிவிடக் கூடாது. தோரோ சொல்வதையே முழுசாகப் படித்தால், அந்தக் குவியலில் ஒரு பகுதிதான் போனது. மிச்சம் அங்கேயே கிடந்து 1848 செப்டம்பரில்தான் கரைந்து முடிந்து குளத்துக்கே திரும்பியது.

நேற்று விட்டுப்போனது: சிறை. 1846 ஜூலையில், குளக்கரையில் வசிக்கும்போதுதான், தலைவரி கட்டாததற்காக ஓர் இரவு உள்ளே இருந்தார். அடிமைமுறைக்கும் மெக்சிகோ போருக்கும் துணைநிற்கும் அரசுக்குக் காசு இல்லை என்பது வாதம். சிறை இருந்த இடத்தில் இப்போது குறிப்புப் பலகை மட்டும். காந்திக்குச் சத்தியாகிரகம் இங்கிருந்து கிடைத்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1935-இல் கோதண்ட ராவுக்கு எழுதிய கடிதத்தில் காந்தியே அதைத் தவறு என்று மறுத்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் போராட்டம் நன்றாக முன்னேறிய பிறகே, இந்தச் சிறை இரவை வைத்துத் தோரோ எழுதிய கட்டுரை அவர் கைக்கு வந்தது.

நான்காம் நாள்: லோவல்

லோவல் லைன், முக்கால் மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து பூட் காட்டன் மில்ஸ் மியூசியம் இருபது நிமிஷ நடை. மெர்ரிமாக் ஆறு பாவ்டக்கெட் அருவியில் 32 அடி இறங்குகிறது. அந்த இறக்கத்தைக் கால்வாய்களில் பிரித்து, ஆலைகளை ஓட்டினார்கள்.

நெசவுக் கூடத்தில் 88 தறி. வாசலில் காதடைப்பான் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சமயத்தில் சில தறிகள்தான் ஓடுகின்றன; அதற்கே தரை அதிர்கிறது. ஒன்று கவனிக்க: இவை இருபதாம் நூற்றாண்டுத் தறிகள். 1840-களின் பெண்கள் நின்றது இவற்றின் முன் அல்ல. பிரச்சினைகள் என்னவோ அவைதான். காற்று காய்ந்தால் பாவு நூல் அறும். அதனால் கோடையிலும் ஜன்னலை அடைத்து வைத்தார்கள். புழுக்கமும் பஞ்சுத் தூசியும் உள்ளேயே. நாடாவில் (ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கட்டை) நூல் தீர்ந்தால், புது நூல் முனையைக் கண்ணின் வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நூலோடு தூசியும் தொண்டைக்குள் போகும். அந்த நாடாவுக்குப் பின்னால் வந்த பெயர் 'சாவு முத்தம்'.

வாரத்துக்குச் சராசரி 73 மணி நேர வேலை. இருந்தும் இந்தப் பெண்கள் எழுதினார்கள். 1840-இல் தொடங்கிய 'லோவல் ஆஃபரிங்' பத்திரிகையில் நிலா, காட்டுப்பூ, ஊர் ஏக்கம் எல்லாம் உண்டு. நிர்வாகத்துக்கு அதில் பெருமை. கூலி, வேலை நேரம் பற்றி எழுதினால் இடமில்லை என்று ஆலைத் தொழிலாளி சாரா பேக்லி பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். அவர் பெண் தொழிலாளர் சங்கம் கட்டி, 1845-இல் பத்து மணி நேர வேலை கேட்டுச் சட்டமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். குழு கைவிரித்தது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமாவது அந்தச் சட்டம் வர 1874 ஆனது.

நல்ல நடைக்காக இப்போதும் 'ஆஃபரிங்'கைப் புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பேக்லியின் கட்டுரைகள் அதைவிட நன்றாக நிற்கின்றன என்பது இங்கே வந்தபின் உறுதியாகிறது. தறிச் சத்தத்தில் பத்து நிமிஷம் நின்றவருக்கு காட்டுப்பூ வர்ணனை கொஞ்சம் அதிகமாகவே இனிக்கும்.

பஞ்சு வந்தது தெற்கிலிருந்து. நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிப் போனது. தோட்ட அடிமைகள் உடுத்திய துணிக்கே 'லோவல்' என்று பெயர் நின்றுவிட்டது.

ஐந்தாம் நாள்: நியூ பெட்ஃபோர்டு

சவுத் ஸ்டேஷன் என்பதை மறக்க வேண்டாம். இந்த ஊருக்குப் பயணிகள் ரயில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு 2025 மார்ச்சில்தான் மறுபடி வந்தது.

திமிங்கில வேட்டை மியூசியத்தில் 'லகோடா' கப்பலின் பாதி அளவு மாதிரி; ஏறிப் பார்க்கலாம். எதிரே மாலுமிகளின் தேவாலயமான சீமென்ஸ் பெத்தல், 1832. கப்பல் முகப்பு போன்ற பிரசங்க மேடையைப் பார்த்து, அப்படி ஒன்றை வர்ணிக்கும் திமிங்கில வேட்டை நாவலான 'மோபி டிக்'கின் வாசகர்கள் நெகிழ்கிறார்கள். நாவலை எழுதிய மெல்வில் வந்தபோது அது கிடையாது. நாவலின் சினிமாவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கே மேடை, எங்கே மேடை என்று கேட்டுத் தொலைத்ததால் 1961-இல் செய்து வைத்தார்கள்.

வேட்டைக் கப்பலில் மாதச் சம்பளம் இல்லை. லாபத்தில் பங்கு. 1841 ஜனவரியில் 'அகுஷ்நெட்' கப்பலில் ஏறிய மெல்விலுக்கு 175-இல் ஒன்று. நாவலில் கதைசொல்லி இஷ்மேலுக்கு 300-இல் ஒன்றாகக் குறைத்துவிட்டு, ஈட்டி எறியத் தெரிந்த க்வீக்வெக்குக்கு 90-இல் ஒன்று கொடுத்தார். படித்த வெள்ளைக்காரனைவிடப் பச்சை குத்திய தீவுக்காரனுக்கு மூன்று மடங்குக்கு மேல். கதையில் நட்பு என்று நாம் படிப்பதற்கு அடியில் இந்தக் கூலிப் பட்டியல் இருக்கிறது.

ஏழாம் தெரு 21-ஆம் எண், நேதன் - பாலி ஜான்சன் வீடு. 1838 செப்டம்பரில் மேரிலாண்டிலிருந்து தப்பி வந்த ஃப்ரெடரிக் பெய்லியும் (பின்னால் அடிமை எதிர்ப்புப் பேச்சாளராகப் புகழ்பெற்ற ஃப்ரெடரிக் டக்ளஸ்) புது மனைவி ஆனாவும் வந்து இறங்கியது இங்கே. வண்டிக் கட்டணம் கொடுக்கக் காசில்லாததால் வண்டிக்காரர் சாமானைப் பிடித்து வைத்துக்கொண்டார். இரண்டு டாலர் கொடுத்து மீட்டவர் நேதன் ஜான்சன். வழியில் பெய்லி தன் பெயரை ஜான்சன் என்று மாற்றியிருந்தார். ஊரில் ஏற்கெனவே ஜான்சன்கள் மலிந்து கிடந்தார்கள். வேறு பெயர் நீங்களே வையுங்கள் என்று நேதனிடம் சொன்னார். நேதன் அப்போது வால்டர் ஸ்காட்டின் 'லேடி ஆஃப் தி லேக்' படித்துக்கொண்டிருந்தார். அந்தக் காவியத்தின் டக்ளஸ் வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்துக் கற்பனாவாதம் அமெரிக்காவில் செய்த மிகப் பயனுள்ள காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

டக்ளஸுக்குக் கப்பலில் விரிசல் அடைக்கும் தொழில் தெரியும். நாளுக்கு இரண்டு டாலர் கிடைக்கும். கறுப்பினத்தவரோடு வேலை செய்ய மாட்டோம் என்று வெள்ளைத் தொழிலாளர்கள் மறுத்ததால், ஒரு டாலருக்கு விறகு அறுத்து, கரி அள்ளி, எண்ணெய்ப் பீப்பாய் உருட்டினார். இங்கே செய்த முதல் வேலை, ஒரு பாதிரியார் வீட்டு வாசலில் கொட்டிக் கிடந்த கரியை உள்ளே எடுத்துப் போட்டது. அந்த வீட்டம்மா கையில் வைத்தது இரண்டு அரை டாலர் வெள்ளிக் காசு. அதைப் பிடுங்க எசமான் யாரும் இல்லை என்று பின்னால் எழுதினார்.

ஜான்சன் வீட்டுக்குள் போக நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. எல்லா நாளும் திறப்பதில்லை. வாசல் பலகையைப் படித்துவிட்டு இறக்கத்தில் துறைமுகம் பக்கம் நடந்தால் ஸ்டேஷன் வந்துவிடும்.